பர்ச்சு மாலையில் கூப்பிட்ட பெயர்

கப்பலேறக் காத்திருக்கும் என் மகனே,

கோலாலம்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அதில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். மலைக்குப் போன இடத்தில் அம்மாவுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஏன் ஒருவரும் உனக்கு முழுமையாகச் சொல்லவில்லை என்பது முதல் கேள்வி. அவள் இப்படி இருக்கும்போது மூன்றாண்டுப் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போவது முறையா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம்; போ என்பதே அந்தச் சொல். ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு நீ போனால், கடல் நடுவில் அது உனக்கு உதவாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவரை, சாட்சி சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் நீதிபதியின் காதுக்குக் கொண்டு போவதே என் தொழிலாக இருந்தது. சாட்சி உண்மை சொல்கிறாரா என்று தீர்மானிப்பது என் வேலையாக இருந்ததில்லை. இந்தக் கடிதத்திலும் அப்படியே நடந்துகொள்ள முயல்கிறேன். நான் கண்டதும் கேட்டதும் இதில் இருக்கும். அவற்றுக்கு என்ன பொருள் என்பதை நீ தீர்மானித்துக்கொள். என்னால் இன்னும் முடியவில்லை.

நம் வீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ பிறந்ததிலிருந்தே பார்த்து வந்ததால், சிலவற்றை நீ ஒருபோதும் யோசித்துப் பார்த்திருக்கமாட்டாய். நான் சிரம்பானில் பிறந்து வளர்ந்தவன். வேலையின் பொருட்டு மலாக்காவுக்கு வந்து, அங்குள்ள காஜா பேராங்கில் உன் அம்மாவைக் கைப்பிடித்து, உறவினர் வீடுகள் சூழ்ந்த அவள் பிறந்த வளவிலேயே குடியேறினேன். அவர்கள் மலாக்காச் செட்டிகள். நம்முடைய தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள், நம்முடைய பெயர்களை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் அவர்கள் நாவிலிருந்து போய்விட்டது. வீட்டில் பேசுவது ஒரு வகை மலாய். நீ அம்மாவிடம் ஒரு மொழியும் என்னிடம் ஒரு மொழியும் பேசி வளர்ந்தாய். அவள் சொன்னவற்றை இந்தக் கடிதத்தில் தமிழாக்கித் தருகிறேன். அந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அவர்களுடைய பர்ச்சுச் சடங்கும் உனக்குப் பழகியதுதான். பொங்கலுக்கு முதல் நாள் அந்தி சாயும் நேரத்தில் முன்னறையில் வாழையிலைகள் விரித்து, இறந்துபோனவர்கள் உயிரோடு இருந்தபோது விரும்பிச் சாப்பிட்டவற்றையெல்லாம் பரிமாறி, விளக்கும் சாம்பிராணியும் வைப்பார்கள். பிறகு உன் பெரிய மாமா மட்டும் உள்ளே நின்று அவர்களை விருந்துக்கு அழைப்பார். அழைத்துவிட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டு அவரும் வெளியே வந்துவிடுவார். வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை நாம் எல்லோரும் முற்றத்தில் பேசாமல் நிற்போம். ஐந்து வயதில் நீ அந்தத் திரையைச் சற்றே விலக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே யாருமே இல்லையே என்று உரக்கச் சொன்னாய். உன் மாமா சிரிக்காமல், "அவங்க உங்க அப்பா மாதிரி கோர்ட்டு ஆளுங்க இல்ல, சாட்சி வச்சுக்கிட்டுச் சாப்பிட மாட்டாங்க" என்றார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நான் சொல்ல வருவது வேறு. இத்தனை ஆண்டுகளும் நான் முற்றத்தில் நின்றவன். அந்த வீட்டுக்கு மருமகன். அழைப்பது எப்படி என்பதை ஒருமுறைகூட நான் காதால் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பெண்களும் அறைக்குள் நிற்பதில்லை என்பதால் உன் அம்மாவும் கேட்டதில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டின் முடிவில், ஐம்பது வயது நிறைந்ததும், விருப்ப ஓய்வு பெறலாம் என்ற விதியைப் பயன்படுத்திக்கொண்டேன். இன்னும் ஐந்தாண்டுகள் இருந்திருக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு வேறு கணக்கு இருந்தது. உன் அம்மா மலாக்காவைத் தாண்டியதே இல்லை. உறவுக்காரர்கள் வீட்டு விசேஷம் என்றால் தெங்கேரா, செமாபோக். காற்று வாங்கப் போவதென்றால் உஜோங் பாசிர். அவளுடைய உலகத்தை ஒரு ரிக்‌ஷாக்காரர் காலையில் கிளம்பிச் சாப்பாட்டுக்கு முன் சுற்றிக் காட்டிவிடலாம். ஆகவே இனி ஒவ்வொரு ஆண்டும் முடிவில் வரும் மழையும் குளிருமான இரண்டு மாதங்களில் நாங்கள் இருவரும் ஊர் சுற்றுவது என்று முடிவு செய்தேன். குளிர்காலத்திலா யாராவது பயணம் போவார்கள் என்று உன் மாமா கேட்டார். குளிரைத் தேடித்தான் போகிறோம் என்றேன். முதலில் பினாங்கு, பிறகு தைப்பிங், கடைசியாகக் கேமரன் மலை. எந்த ஊரில் எங்கே தங்குவது, எந்த ரயில், எந்த மருந்து எந்தப் பெட்டியில் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். பொங்கலுக்கு முன்பே வீடு திரும்பிவிட வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. அதற்கும் திட்டத்தில் இடமிருந்தது.

அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். மலைப்பாதையில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க வைத்திருந்த சோதனைச் சாவடியில் எங்களை இறக்கிப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னபோது, அவள் இறால் விழுதும் மிளகாயும் அரைத்துக் கொண்டுவந்திருந்த சம்பால் பெலாச்சான் டப்பாவைத் திறந்து பார்த்த போலீஸ்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்றார். அவள் அவருக்கு ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தாள். மேலே போய்ச் சேர்ந்த காலையில், தன் வாயிலிருந்து புகை வருவதை முதன்முதலாகப் பார்த்தாள். ஊதி ஊதிப் பார்த்துச் சிறுமியைப் போலச் சிரித்தாள். நாங்கள் தங்கிய பங்களாவைப் பார்த்துக்கொண்டவர் பெருமாள் என்பவர். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சமையலுக்கு வந்தவர். அவருக்கும் உன் அம்மாவுக்கும் பொதுமொழி மலாய்தான் என்றாலும், அவர் விடாமல் தமிழிலும் அவள் விடாமல் மலாயிலும் பேசிக்கொண்டார்கள். இருவருக்கும் என் உதவி தேவைப்படவே இல்லை.

நாங்கள் இறங்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு பெய்த மழையில் மலைச்சரிவு ஒன்று சாலையில் விழுந்துவிட்டது. எப்போது சீராகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் இரண்டாவது திட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பர்ச்சு. பிறந்ததிலிருந்து ஒரு பர்ச்சுக்கும் அவள் வீட்டில் இல்லாமல் இருந்ததில்லை. இங்கேயே சின்னதாகச் செய்துவிடலாம் என்றாள். ஒரே சாட்சியை ஒரே நேரத்தில் இரண்டு நீதிமன்றங்களுக்கு அழைக்க முடியாது, அங்கே உன் பெரிய மாமா அழைப்பாரே என்று நான் சொன்னேன். "எங்க போறதுன்னு அவங்க முடிவு பண்ணிக்குவாங்க. நீங்க கூப்பிடுங்க, போதும்" என்றாள். அந்தக் குடும்பத்து ஆண் என்று அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான். மறுத்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

சரிவைக் கால்நடையாகக் கடந்து வந்த எவரிடமோ சொல்லி வைத்துப் பெருமாள் கீழிருந்து வாழையிலை கொண்டுவந்தார். மீன் கிடைக்கவில்லை. டப்பாச் சார்டின்தான் இருந்தது. பாராங் என்னும் கடல்மீனில் பிண்டாங் என்னும் புளிக்குழம்பு வைத்தால்தான் உன் தாத்தாவுக்குச் சாப்பாடு இறங்கும் என்பது குடும்பத்தில் எல்லோரும் அறிந்தது. "அப்பாவுக்குச் சார்டின் ஆகாது. ஆனா ரோடு அடைச்சிருக்குன்னா புரிஞ்சுக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே அதைப் பரிமாறினாள். ஒவ்வொரு இலையும் யாருக்கு என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாட்டனார், பாட்டி, அப்பா, அம்மா. கடைசி இலையைக் காட்டி, "இது அத்தைக்கு" என்றாள். அவளுடைய தந்தையின் தமக்கை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த வயதில், கிணற்றடியில் குளிக்கப் போனவள் மயங்கி விழுந்து அப்படியே போய்விட்டாள். அத்தையின் பெயர் என்ன என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "என் பேருதான். அவங்க பேரைத்தான் எனக்கு வச்சாங்க" என்றாள். உன் மாமா இவரை எப்படி அழைப்பார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பெயர் சொல்லாமல் ஒருவரை அழைத்தால் அது அழைப்பே ஆகாது என்பது நான் முப்பதாண்டுகள் இருந்த இடத்தின் விதி. பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகள் என்று தந்தையின் பெயரையும் சேர்த்துவிட்டால் ஐயத்துக்கு இடமிருக்காது என்று முடிவு செய்தேன்.

அந்தி சாயும்போது மூடுபனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து நின்றது. நான் இலைகளைப் பார்த்து நின்றேன். உன் அம்மா எனக்குப் பின்னால், வாசற்படிக்கு வெளியே நின்றாள். பாட்டனார் பெயரைச் சொல்லி, அவர் தந்தை பெயரையும் சொல்லி, விருந்துக்கு வருமாறு மலாயில் அழைத்தேன். அதேபோலப் பாட்டியை. அதேபோல உன் தாத்தாவை, உன் பாட்டியை. என் குரல் எனக்கே நீதிமன்ற வராந்தாவில் கேட்பதுபோல இருந்தது. கடைசி இலையின் முன் வந்து நின்று, "தெய்வானை" என்றேன். தந்தையின் பெயரைச் சேர்ப்பதற்காக மூச்சை இழுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து, "யா" என்று பதில் வந்தது.

கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதற்கு அவள் எப்போதும் சொல்கிற "யா" அது. முப்பது ஆண்டுகளாக நான் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் வருகிற பதில். பழக்கத்தில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தந்தையின் பெயரைச் சேர்த்துச் சொல்லி முடித்தேன். ஆனால் அது யாருக்கும் தேவைப்படாத ஒரு சொல்லைப் போல அறையில் விழுந்தது. திரையை மூடிவிட்டு வெளி வராந்தாவுக்குப் போனோம்.

வராந்தாவில் நின்றபோது ஒரு சத்தமும் இல்லை. கூரையிலிருந்து பனி சொட்டியது, அவ்வளவுதான். உன் அம்மா கைக்குட்டையை எடுத்து வலது கை விரல்களை ஒவ்வொன்றாக, நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். குளிருக்காக இருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு உள்ளே போனோம். இலைகள் வைத்தபடியே இருந்தன. வழக்கப்படி நாம் சாப்பிட வேண்டிய நேரம். நான் அவளுக்கு ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு, "சுடா மக்கான்" என்றாள். சாப்பிட்டாகிவிட்டது என்று பொருள். எப்போது என்று கேட்டேன். அவள் என்னை, நான் ஏதோ வேடிக்கையாகக் கேட்டுவிட்டதுபோலப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் குளியலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் விழுந்து கிடந்ததைப் பெருமாள்தான் முதலில் பார்த்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் எண்ணி எண்ணிச் செலவு செய்வதுபோல இருந்தது. நான் திட்டமிட்டு எடுத்துவந்த மருந்துகளில் எதுவுமே அதற்கானதாக இல்லை. சாலையில் ஒரு வண்டி போகுமளவுக்கு மண்ணை ஒதுக்கியிருந்தார்கள். காய்கறி லாரி ஒன்றைப் பெருமாள் நிறுத்தி, முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் மெத்தையைப் போட்டு அவளைக் கிடத்தினார். தானும் ஏறிக்கொண்டார். "ஐயா, அம்மாவத் தூங்க வுட்றாதீங்க. பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே வாங்க. வுட்டீங்கன்னா போச்சு" என்றார்.

கூப்பிட்டேன். "யா" என்றாள். நான் அவள் தலைமாட்டில் இருந்தேன். அவளோ பதில் சொல்லும்போது முகத்தை லாரியின் பின்பக்கம், தார்ப்பாய் தொங்கிய திசைக்குத் திருப்பினாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் பதில் வந்தது. மறுபடியும் அந்தப் பக்கமே திரும்பினாள். ஒவ்வொரு தடவையும் குரல் தணிந்துகொண்டே போனது, நம்மை விட்டு நடந்து போகிற ஒருவர் திரும்பாமலே பதில் சொன்னால் எப்படியோ அப்படி. நான் அவளை விழித்திருக்கச் செய்யவில்லை, அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. படித்தவன் எழுதக்கூடிய வாக்கியமா இது என்று நீ கேட்கலாம். லாரியில் எனக்கு அப்படித்தான் தோன்றியது, அதனால் எழுதுகிறேன். பெயர் சொல்வதை நிறுத்திவிட்டேன். பெருமாள் என்னை அதட்டினார். "என்னாங்கய்யா, பேச்ச நிறுத்திட்டீங்க" என்றார். அதன் பிறகு அவளிடம் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நீ பள்ளிக்கூடத்தில் போட்ட சண்டைகள், உனக்குக் கண்டிருந்த அம்மை, முதல் சம்பளத்தில் அவளுக்கு நீ வாங்கி வந்து அளவு சேராமல் போன செருப்பு. செருப்பைச் சொன்னபோது அவள் கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்தாள். மலையடிவாரம் வரை அந்தச் செருப்பையே பேசிக்கொண்டு வந்தேன்.

அடிவாரத்து ஊரின் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் மலாயில் கேட்டேன், அவள் மலாயில் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். தன்மையிலேயே மொழிபெயர்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. சாட்சி "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். எனக்கு மூச்சு முட்டுகிறது என்றேன். எனக்கு இடது கை கனக்கிறது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கும் அப்படியே இருந்தது. வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். அவள், "நேத்துச் சாயங்காலம், என்னைக் கூப்பிட்டப்ப" என்றாள். நான் டாக்டரிடம், "நேற்று மாலையிலிருந்து" என்றேன். என் வாழ்நாளில் ஒரு வாக்கியத்தில் பாதியை நான் விழுங்கியது அந்த ஒரு தடவைதான். இதயத்தின் வால்வில் சிறு வயதிலிருந்தே இருந்த பழுது, உயரமும் குளிரும் சேர்ந்து அதை வெளிக்கொண்டு வந்தன என்று டாக்டர் விளக்கினார். அந்த விளக்கத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. நீ எவரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் இதையே சொல். இனி மலைப்பயணம் கூடாது என்றும், மருந்து தவறக் கூடாது என்றும் அவர் சொன்னவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறோம். ஆனால் அந்த வார்டில் நர்ஸ் அவள் பெயரைச் சொல்லி அழைத்தபோதெல்லாம், கட்டிலுக்கு வலப்பக்கம் நின்ற நர்ஸை விட்டுவிட்டு, இடப்பக்கத்து வெறும் சுவரைப் பார்த்தே அவள் பதில் சொன்னதையும் இங்கே பதிய வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த அன்று உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் வரும் இடம் வரை முகத்தில் சிரிப்பு இருந்தது. செத்தவர்களுக்கும் சம்மன் அனுப்பினீர்களா மச்சான் என்று கேட்டார். அந்த இடம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது. "அத்தையைப் பேரைச் சொல்லியா கூப்பிட்டீங்க?" என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார். ஒரு பெயரை உயிரோடு இருக்கும் ஒருவர் சுமந்துகொண்டிருந்தால், இறந்தவரை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. முறையைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். அத்தையே வாருங்கள் என்று மட்டும். இது உன் மாமாவுக்கு அவர் தந்தை சொல்லித் தந்தது. அழைக்கிறவனுக்கு மட்டுமே தெரிய வேண்டிய விஷயம் என்பதால் வேறு யாருக்கும் சொல்லப்படாதது. பிறகு அவராகவே ஒன்று சொன்னார். அன்று மாலை இங்கேயும் வழக்கம்போலப் பர்ச்சு நடந்தது. அவர் அழைத்தார், திரையை மூடினார், காத்திருந்தார். "இந்த வருஷம் யாரும் வரல மச்சான். ரூம் வெறும் ரூமா இருந்துச்சு" என்றார். ஒவ்வோர் ஆண்டும் அது எப்படி இருக்கும் என்று நான் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த பர்ச்சு வரும்வரை இந்த வளவில் ஒருவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று அவர் கட்டளையிட்டார். விதி என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் நான் எப்படி நடப்பேன் என்பது உனக்குத் தெரியும். நான் நிறுத்தினேன், மற்றவர்களும் நிறுத்தினார்கள். அண்ணி, சித்தி, இந்தாம்மா என்று ஏதோ ஒன்று. இடையில் நீ வந்து தங்கிய இரண்டு நாட்களில் உனக்கு எதுவும் தெரியாமல் போனதற்குக் காரணமும் அதுவே. நீ எப்போதும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாய். உனக்கு எழுதாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. எதை எழுதுவது? வால்வைப் பற்றி எழுதினால் அது முழு உண்மை ஆகாது. மற்றதைப் பற்றி எழுதினால், அப்பாவுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

அவள் உடம்பு தேறியது. நடந்தாள், சமைத்தாள், மருந்து சாப்பிட்டாள். ஆனால் முன்னறைத் திரைக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரத் தொடங்கினாள். அரிசி புடைக்கிறபோது கை நின்றுவிடும். தலையைச் சற்றே சாய்ப்பாள். "யா" என்பாள். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டோம். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை நடந்தது. பிறகு அடிக்கடி. ஒருநாள் பகல் வெளிச்சத்தில், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "யா" என்று சொல்லிவிட்டு எழுந்து திரைவரை நடந்து போய் நின்றாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அது கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. டாக்டரிடம் சொன்னேன், ரத்த ஓட்டம் குறைவு, மருந்தை மாற்றித் தருகிறேன் என்றார். உன் மாமாவிடம் சொன்னேன். பர்ச்சு வரட்டும் என்றார். இரண்டு பேருடைய பேச்சுக்கும் நான் கட்டுப்பட்டேன். கட்டுப்பட்டுக்கொண்டே அவளை இழந்துகொண்டிருந்தேன்.

போன வாரம், கூப்பிட்டது யார் என்று அவளிடமே கேட்டுவிட்டேன். அதைக் கேட்க எனக்கு இத்தனை மாதங்கள் ஆயிற்று. சாட்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. அவள் மறைக்கவில்லை, பயப்படவும் இல்லை. புடைத்த அரிசியைக் கையால் அளைந்துகொண்டே சொன்னாள்: "நீங்க யாரும் என் பேரைச் சொல்றதில்ல. அவங்க சொல்றாங்க. கூப்பிடுறப்ப பதில் சொல்லாம எப்படி இருக்கறது?"

மகனே, உனக்கு நான் தரக்கூடிய அறிவுரை ஒன்றுதான் இருக்கிறது. விதிகளை மதித்து நட. ஆனால் ஒரு விதியைக் கடைப்பிடிக்கும்போது, அதனால் தனித்து விடப்படுகிறவர் யார் என்று திரும்பிப் பார். நாங்கள் அவளைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, உயிரோடு இருப்பவர்களின் குரலை அவளிடமிருந்து பறித்துவிட்டோம். அவளை விரும்பி அழைக்கும் உரிமையை மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தோம். அன்று மாலை நான் தெருமுனைவரை நடந்து போய்த் திரும்பி வந்து, வளவின் வாசலில் நின்றுகொண்டு, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி, "தெய்வானை" என்று கூப்பிட்டேன். உன் மாமா தன் வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார், தடுக்கவில்லை. பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு வந்து, என் முகத்தை நேராகப் பார்த்து, "யா" என்றாள். பிறகு, இத்தனை நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். நான் நடக்கப் போன நேரத்தைக் கேட்டாளா, இந்த மாதங்களைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறேன். அவளும் வருகிறாள். ஆனால் என் குரல் ஒன்றுதான். எதிர்ப்பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆகவே நீ போ, படி. உன்னை நிறுத்தி வைத்து அவளைக் காப்பாற்ற முடியாது. நீ செய்ய வேண்டியது வேறு. இதுவரை உன் கடிதங்கள் எல்லாம் என் பெயருக்கே வந்தன. தமிழில் எழுதுவாய், நான் படித்து அவளுக்கு மலாயில் சொல்வேன். இனி எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது, அவளுடைய மலாயிலேயே எழுது. எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாகும். ஆகட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். உறையின் மேல் அவள் பெயரைப் பெரிதாக எழுது. நம் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, உறையில் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படித்துத்தான் கொடுப்பார். வெயில் அடிக்கிற நேரத்தில், தெருவில் ஆட்கள் போய்வருகிற நேரத்தில், வெளியே நிற்கும் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அவள் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலுக்கு நடந்து போகட்டும். ஏடன் துறையிலிருந்து ஒன்று போடு. அதற்கு முன்னால் கொழும்பிலிருந்து ஒன்று போடு. முடிந்தால், கப்பலேறும் முன் இப்போதே ஒன்று போட்டுவிடு.

உன் அப்பா